காஞ்சியின் குளிர்கால வெயில்

மார்கழியில் மழை ஓய்ந்ததும் காஞ்சிபுரத்து வெயிலுக்கு ஒரு தனிக் குணம் வந்துவிடுகிறது. சுடுவதில்லை, இதமாகத் தோளில் வந்து அமர்கிறது. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுடன் இவ்வூருக்கு வரும் நம் குடும்பத்தார், நிக்காஹுக்குப் பட்டெடுத்த கையோடு மர நிழலில் சற்று உலாவிச் செல்வதும் உண்டு. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தைத் திருமறையின் 106ஆவது அத்தியாயம் குறிக்கின்றது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் அவர்கள் வணிகம் சென்றனர் என்பர் விரிவுரையாளர். வெயிலை நாடிய அப்பயணம் உல்லாசத்துக்கன்று, பிழைப்புக்கு.

காஞ்சியிலும் வெயில் பிழைப்புத்தான். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணும் இருபுறமும் நின்று இழை இழையாகச் சீர் செய்வார்கள். மழை பெய்தால் அவ்வேலை நின்றுவிடும். குழித்தறியில் ஈரம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலியின்றித் தவித்த நெசவாளிக்கு மார்கழி வெயில் அல்லாஹ்வின் அருட்கொடையன்றி வேறென்ன?

1800ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இவ்வூர் வழியாகச் சென்றார். அகன்ற தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்வதையும், இருமருங்கிலும் தென்னை வரிசை நிற்பதையும் தம் பயண நூலில் எழுதி வைத்தார். அவ்வரிசையை இன்றைய கடைத்தெருக்களில் காண முடியாது. அவர் வந்த நோக்கம் மரங்களைக் காண்பதன்று. முந்திய ஆண்டு, 1799 மே 4இல், திப்பு சுல்தான் ஷஹீதானார். அவர் ஆண்ட நாட்டை அளந்தறியக் கும்பினியார் புக்கானனை அனுப்பினர்.

திப்புவுக்கும் காஞ்சிக்கும் உள்ள உறவை நம்மவர் பெருமிதத்தோடு பேசுவார்கள். 1780 செப்டம்பர் 10இல், காஞ்சிக்கு அருகில் புள்ளலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். காஞ்சியில் இருந்த மன்ரோ, பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். வெற்றி வெற்றிதான். ஆனால் அதே படையெடுப்பில் கர்நாடகப் பகுதிச் சிற்றூர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, குடிகள் ஊரை விட்டு ஓடினர். நம்மவர் என்பதற்காக இதை மறைத்தெழுதுவது வரலாறு ஆகாது.

அதே திப்பு ஆறாண்டுகளுக்குப் பின் வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தார். பட்டுப்புழு கொண்டுவர வங்காளத்துக்கு புர்ஹானுத்தீன், கஸ்தூரி ரங்கா என்ற இருவரை அனுப்பினார். அவர்கள் திரும்பி வரும்போது புழுக்களைப் பேணி வளர்க்க ஏற்பாடு செய்யுமாறு 1786இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைத் தலைவருக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் சேர்ந்து சென்றதை நான் தற்செயலென்று கருதவில்லை; அவ்வரசின் அலுவல்கள் பலவும் அவ்வாறே நடந்தன.

புழுவுக்கு உணவு முசுக்கட்டை இலை. மல்பெரி என்றால் பிள்ளைகளுக்கு விளங்கும். காஷ்மீரத்தில் குளிர்காலம் முழுதும் இம்மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். மைசூர் நாட்டிலோ மார்கழியிலும் தளிர்க்கும். ஆதலால் ஆண்டுக்குப் பல முறை கூடெடுக்கலாம். குளிர்காலத்திலும் வற்றாத அந்த வெயில்தான் அங்கே பட்டை நிலைக்கச் செய்தது. இன்று இந்தியாவிலேயே மிகுதியாகக் கச்சாப்பட்டு விளைவது கர்நாடக மாநிலத்தில். இராமநகரத்துக் கூட்டுச் சந்தையில் கூடு வாங்கி இழையெடுப்போருள் நம் சமுதாயத்தவர் பலர். காஞ்சித் தறிகளுக்குப் பெரும்பகுதி நூல் அந்நாட்டிலிருந்தே வருகிறது, சரிகை சூரத்திலிருந்து.

கோயிலூரின் தெருவில் நீண்டு கிடக்கும் பாவு, புள்ளலூரில் போரிட்டவர் ஊன்றிய செடியோடு தொடர்புடையது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிக்க ஆசைப்படுவார்கள். கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் அதைச் சுருட்டித் தறிக்குக் கொண்டு போக வேண்டும்.