தும்பு: கொட்டிலிலிருந்து கடல்வரை

மாட்டைக் கட்டும் குறுங்கயிற்றுக்குத் தும்பு என்று பெயர். ‘தும்பை விட்டு வாலைப் பிடிப்பது’ என்ற வழக்கில் வருவது இதுதான். தேங்காய் மட்டையை நனைத்து அடித்து எடுக்கும் நாரையும் அதே சொல் குறிக்கும். தென் மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழரிடையேயும் இந்த இரண்டாம் பொருளே பெருவழக்கு. யாழ்ப்பாணத்தில் நாரில் செய்த துடைப்பம் தும்புத்தடி எனப்படும். முதல் பொருள் உழவரின் கொட்டிலைச் சேர்ந்தது, இரண்டாவது கடலோரத் தென்னந்தோப்பைச் சேர்ந்தது. கடற்கரையே இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாற்றில் இரண்டுக்கும் இடம் உண்டு.

மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் கொண்ட இப்பகுதியில் உழவு, வண்டி, நீர் இறைப்பு மூன்றும் காளையை நம்பியிருந்தன. காளையோடு சேர்ந்த கயிறு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. மூக்கில் துளையிட்டுக் கோப்பது மூக்கணாங்கயிறு. நுகத்தடியோடு கழுத்தைப் பிணைப்பது பூட்டாங்கயிறு. முளையிலோ கட்டுத்தறியிலோ நிறுத்திவைப்பது தும்பு. காளைகளை ஓட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலையில், தண்ணீர் நிறைந்த சாலைத் தூக்கும் தடித்த கயிறு வடம். சாலின் அடியில் உள்ள தோல்வாயை மடக்கிப் பிடித்து, மேலே வந்ததும் நீரைக் கொட்டவிடும் மெல்லிய கயிறு வால்கயிறு. எல்லாம் ஒரே நாரில் திரித்தவையாக இருக்கலாம். நீளமும் வேலையும் மாறினால் பெயர் மாறிவிடும்.

தென்னை குறைந்த வறண்ட ஊர்களில் நாருக்குக் கற்றாழை, புளிச்சை, சணப்பு, பனை ஆகியவை உதவின. புளிச்சை, சணப்புத் தண்டுகளை அறுத்துக் கட்டி ஏரியிலோ குட்டையிலோ ஊறப்போட்டால் சதை அழுகி நார் பிரியும். அதை அலசி உலர்த்திப் புரிகளாகத் திரிப்பார்கள். பின்னர் இரண்டு அல்லது மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். புரி ஒரு பக்கம் அவிழப் பார்க்கும்போது கயிற்றின் முறுக்கு மறுபக்கம் இழுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. மாட்டுத் தும்பு முதல் கப்பலின் நங்கூர வடம் வரை கயிறு கயிறாக நிற்பது இந்த எதிர்முறுக்கால்தான்.

குறுங்கயிற்றுக்கு உழவர் வாழ்வில் சடங்கு மதிப்பும் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று பழைய கயிறுகளைக் கழற்றிப் புதியவை பூட்டுவது வழக்கம். சந்தையில் மாடு கைமாறும்போது விற்றவர் தம் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்ள, வாங்கியவர் புதுக்கயிறு கட்டி ஓட்டிச் செல்வார். கயிறு மாற்றினால் விற்பனை முடிந்தது என்று பொருள்.

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடும் கொள்ளிடம் இந்த உள்நாட்டைக் கடலோடு இணைக்கிறது. பாலங்கள் வருவதற்கு முன் வெள்ளக் காலத்தில் அதைக் கடக்க ஓடமே வழி. கரையில் ஓடத்தை நிறுத்தவும் முளையும் குறுங்கயிறும்தான் வேண்டும். கொட்டிலுக்கும் துறைக்கும் உள்ள இந்த ஒற்றுமை சங்க காலத்திலேயே புலவர் கண்ணில் பட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, உப்பை விற்று நெல் ஏற்றிவந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிக்கரையில் கட்டப்பட்டிருப்பதை, பந்தியில் கட்டிய குதிரைகளுக்கு ஒப்பிடுகிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ராஜேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய கடற்படை அவனுடையது. அவன் தந்தை ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, கடலில் உள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகக் கூறுகிறது. அவை மாலத்தீவுகள் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ராஜேந்திரன் காலத்தவரான அல்பிரூனி, அந்தத் தீவுகளில் ஒரு தொகுதி சோழிக்கும் மற்றொன்று தென்னங்கயிற்றுக்கும் பெயர்பெற்றவை என்று எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் அங்கே நீதிபதியாக இருந்த இபின் பதூதா, அக்கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனதாகக் குறிப்பிடுகிறார். சோழர் படையெடுப்பு கயிற்றுக்காக நடந்தது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலின் கயிற்றுச் சந்தையில் முதன்மையான ஓரிடத்தின்மீது சோழர் உரிமை கொண்டாடினர் என்பது இவற்றிலிருந்து தெரிகிறது.

தென்னந்தும்பு கடலுக்கு ஏற்றதானதற்குக் காரணம் அதன் இயல்பு. அது உப்புநீரில் எளிதில் மக்காது, நீரில் மிதக்கும், அலை இழுக்கும்போது நீண்டு கொடுக்கும். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கலங்கள் அரபிக் கடல் முதல் சோழமண்டலக் கரை வரை ஓடின. ஆணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது இபின் பதூதா தரும் விளக்கம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகும் இவ்வாறு தைத்ததே. கட்டுமரமோ முழுக்க முழுக்கக் கட்டினால் ஆனது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தி, மறுபடி பிணைத்துக் கடலில் இறக்குவார்கள்.

பொருளோடு சொல்லும் பயணம் செய்தது. தமிழில் கயிறு, மலையாளத்தில் கயர். மலையாளச் சொல்லைப் போர்த்துகீசியர் ‘கைரோ’ ஆக்கினர். ஆங்கிலத்தில் அது ‘காயர்’ ஆயிற்று. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அச்சொல் இடம்பெற்றது. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் வடிவமைத்த ‘அமரில்லிஸ்’ போன்ற இரட்டை உடல் படகுகளுக்கும் பின்னர் அதே பெயர் நிலைத்தது.

கயிற்றை அதன் வேலையால் அழைக்கும் வழக்கம் ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களிலும் உண்டு. கவலையின் வடத்தைப் போலப் பாயை மேலேற்றுவது ‘ஹேலியார்டு’. வால்கயிற்றைப் போலப் பாயின் கீழ்முனையை இழுத்தும் தளர்த்தியும் ஆள்வது ‘ஷீட்’. படகைக் கரையில் கட்டும் முன்கயிறு ‘பெயின்ட்டர்’. மாட்டுத் தும்பின் வேலையே அதன் வேலை. தோல்வார் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த ‘லேன்யார்டு’, பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளை இறுக்கவும், கத்தியை மாலுமியின் உடலோடு பிணைக்கவும், பீரங்கியைச் சற்றுத் தள்ளி நின்று வெடிக்கச் செய்யவும் பயன்பட்ட குறுங்கயிறு. படையிலிருந்து அது காவலரின் ஊதல் கயிறாகவும், தேசிய மாணவர் படைச் சீருடையின் தோள்கயிறாகவும், இறுதியில் அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையாகவும் கரையேறியது.

1935இல் கண்டுபிடிக்கப்பட்ட நைலானும் அதன்பின் வந்த பிற செயற்கை இழைகளும் கடலிலும் நிலத்திலும் நார்க்கயிற்றின் இடத்தைப் பிடித்தன. மின்மோட்டார் வந்ததும் கவலையோடு வடமும் வால்கயிறும் வழக்கொழிந்தன. டிராக்டர் வந்ததும் பூட்டாங்கயிற்றின் தேவை குறைந்தது. கறவை மாடு வளர்ப்பு நீடிப்பதால் தும்புக்கு மட்டும் வேலை குறையவில்லை. பொங்கலுக்கு முன் கடைகளில் தொங்கும் மாட்டுக் கயிறுகளில் இன்று பெரும்பாலானவை வண்ண நைலானில் திரித்தவை.