தமிழ்நாட்டில் மின்விளையாட்டு: போட்டியும் சூதும் பிரிந்த வரலாறு

மின்விளையாட்டு என்பது கணினியிலும் கைபேசியிலும் ஆடப்படும் நிகழ்பட ஆட்டங்களை, விதிகள் வகுத்துப் போட்டியாக நடத்துவதாகும். இது ‘இ-ஸ்போர்ட்ஸ்’ எனவும் அழைக்கப்படுகிறது. பார்ப்போருக்கு இது பொழுதுபோக்கு. பரிசுத்தொகை, அணி ஊதியம், நேரலை வருவாய் ஆகியவற்றை நம்பி ஆடுவோருக்குத் தொழில். தமிழ்நாட்டில் இதன் அண்மை வரலாறு, இணையச் சூதாட்டத் தடைச் சட்டங்களுடன் பிணைந்தது.

தோற்றமும் பரவலும்

1972 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ‘ஸ்பேஸ்வார்’ போட்டி, இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அதன் பரிசு, ஓர் இதழின் ஓராண்டுச் சந்தா மட்டுமே.

இந்தியாவில் 2016-இல் ஜியோ சேவை தொடங்கியபின் கைபேசி இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. 2018-இல் ‘பப்ஜி மொபைல்’ வெளியானது. இணைய மையக் கணினிகளை நாடாமலேயே திண்டுக்கல் போன்ற ஊர்களிலும் கைபேசியில் ஆட முடிந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு அச்செயலியைத் தடை செய்தது. 2021-இல் வந்த அதன் இந்திய வடிவமும் 2022 சூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இதையே தொழிலாகக் கொண்டோருக்கு இது ஆடுகளத்தையே பூட்டியதற்கு ஒப்பானது.

சட்டப் போராட்டம்

திண்டுக்கல் மாவட்டத்தையும் தன் எல்லையில் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2020 சூலையில் இணைய ரம்மி போன்றவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என அறிவுறுத்தியது. தொடர்ந்து வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம், பணயம் வைத்து ஆடும் திறன் ஆட்டங்களையும் தடை செய்தது. 2021 ஆகத்து 3 அன்று உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2023 ஏப்ரலில் புதிய மாநிலச் சட்டம் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மி, போக்கர் மீதான தடையை நீக்கியது.

பிரிந்த பாதை

2025 ஆகத்து 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் சட்டம் இரண்டையும் பிரித்தது. பதிவு பெற்ற மின்விளையாட்டில் நுழைவுக் கட்டணமும் திறனுக்கான பரிசுத்தொகையும் இருக்கலாம், பந்தயம் கூடாது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை, திறன் ஆட்டமாயினும், இணையத்தில் நடத்துவது குற்றம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஒரே கைபேசியில் ஒன்றாகக் கிடந்த விளையாட்டும் சூதும் இவ்வாறு சட்டத்தில் வெவ்வேறாயின.