முகமும் மறுபக்கமும்: ரோமானிய நாணயச் சேகரிப்பின் வரலாறு

பண்டைய ரோமானிய நாணயங்களைத் திரட்டி ஆராயும் பொழுதுபோக்கு, மேற்கு ஐரோப்பாவில் முகங்களின் மீதான மோகமாகவே தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் ரோம் நகரத்துத் திராட்சைத் தோட்டங்களில் மண்ணைக் கொத்தியவர்கள், தங்கள் கைக்கு அகப்பட்ட பழங்காசுகளைக் கவிஞர் பெட்ரார்க்கிடம் கொண்டுவந்து விற்றதையும், காசில் இருப்பது எந்த அரசனின் தலை என்று கேட்டதையும் அவரே ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். 1354-இல் மாந்துவா நகரில் அரசர் நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது, பழைய பேரரசர்களின் உருவம் தாங்கிய பொன், வெள்ளி நாணயங்கள் சிலவற்றை அவருக்கு அன்பளிப்பாக அளித்து, அவர்கள் வழியில் நடக்குமாறு பெட்ரார்க் வலியுறுத்தினார். நாணயம் அங்கே சான்றாக மதிக்கப்படவில்லை. ஆள்வோருக்கு நீதி புகட்டும் கையடக்கப் படமாகவே அது கருதப்பட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் இந்த நாட்டம் கற்றோர், வணிகர், பிரபுக்கள் என்று பலரையும் பற்றிக்கொண்டது. ஓவியர் ஹூபர்ட் கோல்ட்சியஸ் பல நாடுகளில் அலைந்து நாணயப் பேழைகளைப் பார்வையிட்டு, 1563-இல் வெளியிட்ட நூலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சேகரிப்பாளர்களைப் பட்டியலிட்டிருப்பதிலிருந்து அதன் பரவலை உணரலாம். பிரெஞ்சு அறிஞர் கியோம் பூதே ஒருவர்தான் அதற்கும் முன்பே வேறு திசையில் போனவர். அரசனின் முகத்தை விட்டுவிட்டுத் தராசைக் கையில் எடுத்து, பண்டைய நாணயங்களின் எடையையும் மதிப்பையும் கணக்கிட்டு 1514 அளவில் அவர் எழுதிய நூலைத்தான் இத்துறையின் முதல் உண்மையான ஆய்வு என்று சொல்லத் தோன்றுகிறது.

விரும்புவோர் பெருகியதும் போலிகள் பெருகின. பதுவா நகரத்துச் செதுக்குக் கலைஞர் ஜொவான்னி தா கவீனோ, செஸ்டெர்ஷியஸ் எனப்படும் அகன்ற பித்தளை நாணயத்தின் சாயலில் புதிய அச்சுகளை வெட்டி அடித்த காசுகள், மூலத்தையே விஞ்சும் அழகுடையவை. ஏமாற்றும் நோக்கத்தோடுதான் அவர் அவற்றைச் செய்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கரைப் பொறுத்தவரை அத்தகைய ஐயத்துக்கே இடமில்லை. தாம் அடித்த புதுக்காசுகளை இரும்புத் தூள் நிரம்பிய பெட்டியிலிட்டு, குதிரை வண்டியில் பூட்டி, அது குலுங்கும் குலுக்கலில் பளபளப்பு மங்கும்படி செய்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. இவர்களுக்குச் சேகரிப்பாளர்கள் ஒருவகையில் கடன்பட்டவர்களே. ஏனெனில், விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிகிறதா, பரப்பில் வார்ப்பின் நுண்குமிழிகள் உண்டா, எழுத்தின் வடிவம் அக்காலத்துக்குப் பொருந்துகிறதா என்று உருப்பெருக்கியால் துருவிப் பார்க்கும் பழக்கம் மோசம் போன அனுபவத்தில் வளர்ந்ததாகும்.

உலோகத்தையும் அளவையும் கொண்டு காசுகளைப் பேழையில் அடுக்கும் வழக்கத்தை மாற்றி, இத்துறைக்கு ஒழுங்கான அடித்தளம் அமைத்தவர் வியன்னாவின் யோசஃப் எக்கெல். 1774 முதல் அரச நாணயச் சேகரிப்பைக் கவனித்துவந்த அவர், 1792-க்கும் 1798-க்கும் இடையில் வெளிவந்த எட்டுத் தொகுதிகளில், கிரேக்க நகரங்களின் காசுகளை நில வரிசையிலும் ரோமப் பேரரசர்களின் காசுகளைக் கால வரிசையிலும் நிரல்படுத்தினார். அந்தக் கால வரிசைக்குத் துணைநின்றவை முகத்தைச் சுற்றியும் பின்புறத்திலும் பொறிக்கப்பட்ட சுருக்கெழுத்துகள். டிராஜனின் காசில் கான்சல் என்னும் உயர்பதவியை அவர் ஐந்தாம் முறை வகித்ததைக் குறிக்கும் தொடர் இருந்தால், அக்காசு கி.பி. 103-க்கும் 111-க்கும் இடைப்பட்டது என்று துணியலாம். அடுத்த ஆண்டில் அவர் ஆறாம் முறை அப்பதவியை ஏற்றார். வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டெர்ஷியஸ் ஒன்றின் பின்புறத்தில், பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் துயருற்று அமர்ந்திருப்பாள். கி.பி. 70-இல் எருசலேம் வீழ்ந்ததையும் யூதேயா அடக்கப்பட்டதையும் பேரரசின் மக்களுக்கு அறிவித்த விளம்பரம் அது. இவ்வாறு பேரரசுக் காலக் காசுகளை எல்லாம் வகைப்படுத்தும் பெரும் ஆங்கிலப் பட்டியலின் முதல் தொகுதி 1923-இலும் பத்தாம் தொகுதி 1994-இலும் வெளிவந்தன. தனிப்பட்ட சேகரிப்பாளர் தம் காசுக்கு எண் குறிக்க இன்றும் நாடுவது அதையே.

ஆயினும் இப்பொழுதுபோக்கு வரலாற்றுக்கு இழைத்த தீங்கையும் மறைப்பதற்கில்லை. காசு எந்த ஊரில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு சந்தையில் கைமாறும்போதே தொலைந்துபோக, தேயாத முகமும் கெடாத விளிம்பும் மட்டுமே விலையைத் தீர்மானித்தன. இந்த அளவுகோல் எவ்வளவு குறுகியது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஏறத்தாழ ஐந்நூறு ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே வேண்டுமென்றே வெட்டிய கீறல் காணப்படுகிறது. அழகை நாடுவோருக்கு இவை பழுதுபட்ட காசுகள். ஆய்வாளருக்கோ, அயல்நாட்டு நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கி வெறும் பொன்னாக மட்டும் கொள்வதற்காக இப்படிச் செய்திருக்கலாம் என்னும் விளக்கத்துக்கு ஆதாரமாக நிற்பது அந்தக் கீறல்தான். புதையல் பிரிக்கப்படுவதற்கு முன்பே அதன் மொத்த எண்ணிக்கையும் வகைகளும் 1898-இலேயே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில்லால் பதிப்பிக்கப்பட்டதால்தான் அந்தக் கீறல் ஏன் என்ற கேள்வியை இன்று எழுப்பவாவது முடிகிறது.