அமெரிக்கக் கறுப்பின ஆசிரியர் சங்கங்கள்: போராட்டமும் இணைப்பும்

1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். இந்தியாவில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அதில் சுட்டினார். ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளையும் கேட்டிருந்தார். அவ்வொப்புமையைக் கல்வித்துறையில் காண விழையும் நம் இளைஞர்கள், அந்நாட்டுக் கறுப்பின ஆசிரியர் சங்கங்களின் வரலாற்றை அறிதல் வேண்டும். அதில் நாம் வியப்பதற்கும் உண்டு; எச்சரிக்கை கொள்வதற்கும் உண்டு.

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் இரயில் பயண வழக்கில், இனவாரியாகப் பிரித்து வைப்பது சமத்துவத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் அத்தீர்ப்பின் ‘பிரிவினையை’ மட்டும் இறுகப் பற்றிக்கொண்டன. ‘சமத்துவத்தை’ ஏட்டிலேயே விட்டுவிட்டன. வெள்ளையர் பள்ளிகளில் பயன்படுத்திக் கழித்த நூல்கள் கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. ஒரே கல்வித் தகுதி, ஒரே பணி. ஆயினும் ஊதியம் வேறு. அம்மாநிலங்களின் வெள்ளை ஆசிரியர் சங்கங்களும் கறுப்பின ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எனவே அவர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். கென்டக்கி மாநிலத்தில் 1877இலேயே சங்கம் எழுந்தது. வர்ஜீனியாவில் 1887இல் தோன்றிய அமைப்பின் முதற்பெயர் ‘ஆசிரியர் வாசிப்பு வட்டம்’ என்பதாகும். உரிமை கேட்பதற்கு முன் ஒன்றாக அமர்ந்து படிக்கத் தொடங்கியவர்கள் அவர்கள் என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. 1904இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், ஜே. ஆர். ஈ. லீ அவர்களின் முயற்சியால் நாடு தழுவிய சங்கம் உருவாயிற்று. 1937 முதல் அது ‘அமெரிக்க ஆசிரியர் சங்கம்’ எனப் பெயர் பெற்றது.

ஆசிரியரின் அறிவை வளர்ப்பது இச்சங்கங்களின் முதற்பணியாக இருந்தது. மாநாடுகள் கூடின, இதழ்கள் வெளிவந்தன. பாடநூல்கள் மறைத்த தம் இன வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர, வரலாற்றறிஞர் கார்ட்டர் ஜி. உட்சன் 1926இல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரத்தை ஊர்தோறும் நடத்திக் காட்டியவர்கள் பள்ளி ஆசிரியர்களே.

ஊதியப் போராட்டமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் வேதியியல் கற்பித்த அலீன் பிளாக் என்னும் ஆசிரியை, 1939இல் சம ஊதியம் கோரி வழக்குத் தொடுத்தார். மாநில நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. உடனே பள்ளி வாரியம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பணியில் இல்லாதவர் அப்பணியின் ஊதியம் குறித்து மேல்முறையீடு செய்வது எங்ஙனம்? சூழ்ச்சி நுட்பமானதே! நகரத்துப் பள்ளிச் சிறுவர்கள் பதாகை ஏந்தித் தெருவில் நடந்தனர்.

அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் முன்வந்தார். அவருக்கு ஆண்டு ஊதியம் 921 டாலர். அதே பணியிலிருந்த வெள்ளை ஆசிரியருக்கு 1,200 டாலர். இம்முறை அவர் தலைமை தாங்கிய நார்ஃபோக் ஆசிரியர் சங்கமும் உடன் வாதியாக நின்றது. தனி ஆசிரியரை வாரியம் வீட்டுக்கு அனுப்பலாம். சங்கத்தை எவ்வாரியம் பணிநீக்கம் செய்யவியலும்? தேசிய வண்ண மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வழக்கை நடத்தினார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியானவர் இவரே. 1940 ஜூனில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இனம் நோக்கி ஊதியம் குறைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அலீன் பிளாக் 1941இல் மீண்டும் பணியமர்ந்தார்.

தோற்ற தரப்பு வாளாவிருக்கவில்லை. சார்ல்ஸ்டன் நகர ஆசிரியர்கள் 1944இல் இத்தகைய வழக்கில் வென்றதும், தென் கரோலினா மாநிலம் மறு ஆண்டே தேர்வு மதிப்பெண்ணை ஊதியத்துக்கு அளவுகோலாக்கிற்று. இனம் என்ற சொல் சட்டத்திலிருந்து மறைந்தது; தகுதி என்ற சொல் அதனிடத்தில் வந்து அமர்ந்தது. இச்சொல்லை நம் மக்களும் நன்கறிவர்.

1954இல் பள்ளிப் பிரிவினையே சட்டவிரோதம் என்ற தீர்ப்பு வந்தது. அதன்பின் நேர்ந்ததை நம் நூல்கள் மிகுதியாகச் சொல்வதில்லை. கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளிக்குள் விட்ட வாரியங்கள், அக்குழந்தைகளின் ஆசிரியர்களை வாயிலிலேயே நிறுத்தின. மிசௌரி மாநிலத்து மோபர்லி நகரில், கறுப்பினப் பள்ளி மூடப்பட்டபோது அதன் 11 ஆசிரியர்கள் வேலையிழந்தனர். நீதிமன்றமும் 1959இல் வாரியத்தின் பக்கமே நின்றது. 1954க்கும் 1965க்கும் இடையில் 17 தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் தலைமையாசிரியரும் வேலையிழந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. தென் கரோலினாவில் 1956இல் வந்த சட்டம், முன்னேற்றச் சங்க உறுப்பினர் எவரும் அரசுப் பணியில் இருத்தலாகாது என்றது. உறுப்பினர் தகுதியை மறைக்க மறுத்த செப்டிமா கிளார்க் அம்மையார், 40 ஆண்டுப் பணியையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். அவ்வோய்வூதியம் மீண்டது 1976இல்தான்.

இந்நிலையில்தான், 1966இல், மியாமி பீச் மாநாட்டில் அமெரிக்க ஆசிரியர் சங்கம் பெரும்பான்மை வெள்ளையரைக் கொண்ட தேசியக் கல்விச் சங்கத்தோடு இணைந்தது. இரண்டாண்டுகளில் எலிசபெத் கூன்ட்ஸ் என்னும் கறுப்பின ஆசிரியை அப்பேரமைப்பின் தலைவரானார். அது சிறிய வெற்றியன்று. எனினும், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த பின்னரே இணைப்பு வந்தது என்பதையும், இணைந்த மாநிலச் சங்கங்களில் கறுப்பினத்தார் தாமே கட்டிய அலுவலகங்களும் தலைமைப் பொறுப்புகளும் கரைந்தன என்பதையும் நாம் மறைத்தெழுத விரும்பவில்லை. பிரதிநிதித்துவம் விதியாக எழுதப்படாத இணைப்பில் சிறியது பெரியதனுள் மறையும் என்பதே எம் கருத்து. தேசியக் கல்விச் சங்கம் 1970களில் தன் அமைப்பு விதிகளிலேயே சிறுபான்மை இனத்தார்க்குப் பிரதிநிதித்துவம் வகுத்தது. லூசியானா மாநிலத்தின் இரு சங்கங்களும் ஒன்றாவதற்கு 1977 வரை ஆயிற்று.