பந்தயக் கவசத்தின் பூர்வோத்தரம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குச் செல்லும் டிரங்க் ரோட்டில், மூட்டையைப் பின்னே கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போகிறவர், எதிர்காற்று வலுக்கும் வேளையில் தலையைத் தாழ்த்திக் கைப்பிடியின்மேல் கவிழ்ந்துகொள்வதைக் காணாதவர் இரார். அவர் தலையில் சுற்றியிருக்கும் துண்டு வெயிலை உத்தேசித்ததேயாயினும், அந்தக் குனிதலில் அடங்கிய சாஸ்திரமும், மேனாட்டுப் பந்தய வீரருக்குக் கவசம் சமைத்த நிபுணர்களின் சாஸ்திரமும் ஒன்றே. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்வதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும்.

வெகுகாலம் வரையில் பந்தயக்காரர் அணிந்தது, பஞ்சு திணித்த தோற்பட்டைகளால் பின்னிய தலைக்கூடு ஒன்றுதான். அதில் ரக்ஷணையும் சொற்பம், காற்றை வசப்படுத்தும் யுக்தியோ அறவே இல்லை. தலையின் பின்னே காற்று பிரிந்து சுழலுமிடத்தில் அழுத்தம் குறைந்து, அது ஓட்டுபவரைப் பின்னுக்கு இழுக்கும் என்பதையும், கவசத்தை முதுகுவரை கூம்பாக நீட்டினால் காற்று அதைத் தழுவியபடியே விலகிப்போகும் என்பதையும் உணர்ந்த பிறகே, நீள்வால் கவசம் உருவாயிற்று. ஆரம்பத்தில் அதுவும் பெரும்பாலும் மெல்லிய ஓடேயன்றி, விழுந்தவனைக் காக்கும் திறமுடையதன்று.

அதன் கீர்த்தி உலகறிய நிலைத்தது 1989 ஜூலை 23 அன்று. பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தின் இறுதி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், அதாவது விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டியைக் கடந்து கூட்டேரிப்பட்டை அணுகும் தூரம், தனித்தனியே ஓட்ட வேண்டியிருந்தது. 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் வால் கவசத்துடன் கிளம்பினார். முன்னணியில் இருந்த லோரான் ஃபின்யோன் வெறுந்தலையாக, குடுமி பறக்க வந்தார். மொத்தக் கணக்கில் லெமாண்ட் 8 விநாடியில் வென்றார். கவசமே வெற்றி தந்ததென்று பலர் பேசினாலும், முழங்கைகளை ஒடுக்கி வைத்த புதுவகைக் கைப்பிடியின் உபகாரம் அதனினும் பெரிது என்பதே என் அபிப்பிராயம்.

காற்றுக்காகத் தலையை மூடிக்கொண்ட அதே வீரர் கூட்டம், உயிருக்காக மூடச் சொன்னபோது மறுத்தது விசித்திரம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1991இல் கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவே, விதி கைவிடப்பட்டது. 1995இல் ஃபாபியோ காசார்தெல்லி என்ற வீரர் மலையிறக்கத்தில் மாண்டார். 2003இல் அந்திரேய் கிவிலேவ் என்ற வீரரும் மாண்ட பின்னரே சட்டம் நிலைபெற்றது. அது முதல் சிற்பியின் சிரமமும் இரட்டித்தது: மோதலைத் தாங்கும் நுரைத் திண்டு கனமாக வேண்டும், காற்றுக்கோ வடிவம் சிறுக்க வேண்டும். போதாக்குறைக்கு, களைத்த வீரன் தலையைக் கவிழ்த்தால் நீண்ட வால் மேலே நிமிர்ந்து தடையை அதிகப்படுத்துவதும் தெரியவர, வால்கள் குறுகலாயின.

அண்மையில் விபரீதம் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. தோள்களின்மேல் காற்று மோதாதபடி கவசத்தின் முன்புறத்தையே பெருக்கச் செய்த யுக்திகள் 2024 மார்ச்சில் வெளிப்பட, சம்மேளனம் கவசங்களின் வடிவத்தைப் பரிசீலிப்பதாக அறிவித்து, கவசத்தோடு இணைத்துத் தலையையும் கழுத்தையும் மூடிய துணியுறை ஒன்றை ஏப்ரல் 2 முதல் விலக்கியது.