எந்தக் கம்பெனி ஸார்?

தலைவலி என்பது எழுதிப் பிழைக்கிறவர்களின் குலதனம். அந்தத் தனத்தைத் தாராளமாக அனுபவித்துக் கொண்டிருந்த ஒரு சாயங்கால வேளையில் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன்.

“ஆஸ்பிரின் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“எந்தக் கம்பெனி ஸார்?” என்றார் கடைக்காரர்.

நான் விழித்தேன். எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, வலி போனால் சரி! அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது. ஆஸ்பிரின் என்பது ஒரு காலத்தில் ஒரே ஒரு கம்பெனியின் சொத்து. அந்தக் காலத்தில் ஒருவர் “எந்தக் கம்பெனி ஆஸ்பிரின்?” என்று கேட்டிருந்தால், “திருப்பதி லட்டு எந்த ஊரில் கிடைக்கும்?” என்று கேட்ட மாதிரி இருந்திருக்கும். அந்தச் சொத்து கை நழுவிப் போன கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அயல்நாட்டில் கடை விரிக்க நினைக்கும் நம்மவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கதை இது.

1863-ம் ஆண்டில் ஜெர்மனியில், பார்மன் என்ற ஊரில், பிரீட்ரிக் பேயர் என்ற சாய வியாபாரியும் வெஸ்காட் என்ற சாயத் தொழிலாளியும் கூட்டாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். சாயத்தில் தொடங்கிய கம்பெனி நாளடைவில் மருந்திலும் இறங்கியது. 1897-ல் அவர்களுடைய ஆராய்ச்சிச்சாலையில் அஸிடைல் ஸாலிஸிலிக் அமிலம் சுத்தமான வடிவில் தயாராயிற்று. இந்தப் பெயரை இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். தலைவலி இல்லாதவர்களுக்கும் வந்துவிடும். கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது. அஸிடைல் என்பதற்காக முதலில் ஓர் ‘ஆ’. ஸ்பைரியா என்ற செடியின் பெயரிலிருந்து நடுவில் ‘ஸ்பிர்’. அந்த நாளில் மருந்துகளுக்கெல்லாம் வழக்கமாக ஒட்டும் ‘இன்’ என்ற வால். ஆஸ்பிரின் பிறந்தது. 1899 மார்ச் மாதம் பெர்லினில் அந்தப் பெயரைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் பதிவு செய்தார்கள்.

கடல் கடந்து போய் ஒரு வெறும் பெயரைப் பதிவு செய்வானேன்? காரணம் இருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குச் சர்க்கார் கொடுக்கும் பேட்டண்ட் உரிமை குத்தகை மாதிரி. தவணை முடிந்தால் போய்விடும். டிரேட் மார்க் அப்படியல்ல. அதைக் கையாண்டு வருகிற வரையில் தலைமுறை தலைமுறையாக நிலைக்கும். பேயர் கம்பெனிக்கு மருந்தின் பேரில் பேட்டண்ட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஜெரார் என்ற பிரெஞ்சு ரசாயனி 1853-லேயே அதே பொருளைச் செய்து பார்த்துவிட்டார். ஆகவே ஜெர்மனியில் பேட்டண்ட் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் கொடுத்ததை 1905-ல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் 1900-ல் கிடைத்தது. அதற்கும் 1917-ல் ஆயுள் முடிந்துவிடும். ‘மருந்து போனால் போகட்டும், பெயர் நம்மிடம் இருக்கும்’ என்பதுதான் கணக்கு.

கணக்கு என்னவோ சரிதான். அதை நடத்திய விதத்தில்தான் பிசகு.

அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் பேயர் கம்பெனி மருந்தைப் பொடியாகவே விற்றது. மாத்திரை செய்கிற மற்றக் கம்பெனிகள் அந்தப் பொடியை வாங்கி, மாத்திரையாக்கி, தங்கள் புட்டியில் போட்டு, தங்கள் சீட்டை ஒட்டி, ‘ஆஸ்பிரின்’ என்று விற்றன. புட்டியின் மேல் பேயர் என்ற பெயர் கிடையாது. வைத்தியர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மருந்தைப் பாமர ஜனங்களுக்கு விளம்பரம் செய்வது கௌரவக் குறைவு என்பது அந்த நாள் சம்பிரதாயம். அதனால் விளம்பரமும் வைத்தியர்களோடு நின்றது. வைத்தியர் ஒரு தடவை எழுதிக் கொடுத்தார். நோயாளி மறு தடவை தானே கடைக்குப் போய் வாயால் கேட்டு வாங்கினான். அவனைப் பொறுத்தவரையில் ஆஸ்பிரின் என்பது சுக்கு, மிளகு மாதிரி ஒரு சரக்கின் பெயர். அதைப் பெற்றெடுத்த தகப்பன் யார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பேட்டண்ட் முடியப் போகிற சமயத்தில் கம்பெனி விழித்துக்கொண்டது. 1915 வாக்கில் பிறருக்குப் பொடி கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தானே மாத்திரை செய்து, பேயர் பெயரைப் போட்டு விற்கத் தொடங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அடுத்த அடியைப் போட்டது யுத்தம். 1917 பிப்ரவரியில் பேட்டண்ட் முடிந்தது. ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனியின் மேல் போர் தொடுத்தது. எதிரி நாட்டார் சொத்துக்களைக் கைப்பற்றி நிர்வகிக்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். பேயரின் அமெரிக்கக் கிளையும் அவர் கைக்குப் போயிற்று. 1918 டிசம்பர் 12-ந் தேதி, போர் ஓய்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, நியூயார்க் மாகாணத்திலுள்ள ரென்ஸலேர் என்ற ஊரில் பேயரின் ஆலை ஏலத்திற்கு வந்தது. ஸ்டெர்லிங் என்ற அமெரிக்கக் கம்பெனி 53 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. ஆலையோடு போனவை யந்திரங்கள் மட்டும் அல்ல. பேயர் என்ற குலப்பெயரும் போயிற்று, கம்பெனியின் சிலுவைச் சின்னமும் போயிற்று. அன்று முதல் அமெரிக்க மண்ணில் பேயர் என்றால் வேறொருவர்.

புது எஜமானர்களுக்காவது ஆஸ்பிரின் என்ற சொல் நிலைத்ததா? யுனைடெட் டிரக் என்ற இன்னொரு கம்பெனியும் ஆஸ்பிரின் என்றே விற்றது. அதன் பேரில் வழக்குப் போட்டார்கள். 1921-ல் நியூயார்க்கில் தீர்ப்புச் சொன்னவர் லர்னெட் ஹாண்ட். பெயரைத் தமிழாக்கினால் ‘கற்றறிந்த கை’ என்று வரும். பெயருக்குக் குறைவில்லாத மனிதர். அவர் பதிவேட்டைப் பெரிதாகப் புரட்டவில்லை. வாங்குகிறவர்கள் அந்தச் சொல்லால் என்ன புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்றார். வைத்தியர்களும் மருந்துக் கடைக்காரர்களும் ரசாயனப் பெயரை அறிந்தவர்கள். அவர்களுக்கு ஆஸ்பிரின் என்றால் பேயர் செய்த சரக்கு. ஆகையால் அவர்களிடம் விற்கும்போது மற்றவர்கள் அந்தப் பெயரைத் தொடக்கூடாது. பொது ஜனங்களுக்கோ ஆஸ்பிரின் என்பது மருந்தின் பெயரே ஒழிய, செய்தவர் பெயர் அல்ல. அவர்களிடம் விற்கும்போது யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் இது பழைய நிலத் தகராறுதான். ஒருவன் பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வெளியூர் போய்விடுகிறான். திரும்பி வந்து பார்த்தால், பல வருஷங்களாக உழுது பயிரிட்டவன் அனுபோக பாத்தியதை பேசுகிறான். இங்கே உழுதது இன்னொரு வியாபாரிகூட இல்லை, ஜனங்களின் நாக்கு!

இதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் ருசிகரமானது. போரினால் ஜெர்மன் சரக்கு நின்றதும், மெல்போர்னில் ஜார்ஜ் நிக்கோலஸ் என்ற மருந்துக் கடைக்காரர் 1915-ல் தாமே ஆஸ்பிரின் தயாரித்தார். ஆனால் அந்தப் பெயரை நம்பிக்கொண்டு அவர் இருக்கவில்லை. 1917-ல் தமக்கென்று சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அதுதான் ஆஸ்ப்ரோ. நம் தாத்தா பாட்டிமார்களுக்கு அந்த மாத்திரை எவ்வளவு பழக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் வீட்டுப் பெயரில் குடியிருப்பதைவிடச் சொந்தத்தில் ஒரு குடிசை மேல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜெர்மன் கம்பெனி மறுபடியும் அமெரிக்காவில் வியாபாரம் செய்தது. 1978-ல் மைல்ஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. வாங்கியும் என்ன? அந்த நாட்டில் மருந்துப் புட்டியின் மேல் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. கடைசியில் 1994-ல், ஸ்டெர்லிங்கின் வட அமெரிக்க மருந்து வியாபாரத்தின் ஒரு பகுதியை 100 கோடி டாலர் கொடுத்து வாங்கி, பேயர் என்ற பெயரை மீட்டுக்கொண்டது. அடகு வைக்காத நகையை 76 வருஷம் கழித்து மீட்ட கதை! அப்போதும் மீண்டது குலப்பெயர்தான். ஆஸ்பிரின் என்ற குழந்தை அங்கே ஊர்ப் பிள்ளையாகிவிட்டது.

ஆனால் நயாகரா நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கனடாவுக்குள் போனால் அதே சொல் இன்றும் பேயரின் தனிச் சொத்து. ஆற்றின் ஒரு கரையில் பொதுச் சொல். மறு கரையில் வேலி போட்ட தோட்டம். நாட்டுக்கு நாடு பதிவு வேறு, சட்டம் வேறு, ஜனங்களின் நாக்கும் வேறு.

இப்போது காரியம் சுலபமாகியிருக்கிறது. மாட்ரிட் ஏற்பாட்டில் இந்தியா 2013-ல் சேர்ந்தது. கிண்டியில் உள்ள பதிவு அலுவலகத்தில் குறியைப் பதிவு செய்யும் ஓர் ஊறுகாய் வியாபாரி, அதை ஆதாரமாக வைத்து, ஒரே மனுவினால் ஜெனீவா மூலமாகப் பல நாடுகளில் உரிமை கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் இஷ்டம். முதல் ஐந்து வருஷத்துக்குள் இங்குள்ள மூலப் பதிவு விழுந்துவிட்டால், அதை நம்பி வெளியில் நிற்பதும் சேர்ந்து விழுந்துவிடும். இவை எல்லாம் சரியாக நடந்தால் பட்டா கைக்கு வரும். நிலத்தை உழ வேண்டியவர் அவர்தான். புட்டியில் தன் பெயர் இருக்கிறதா, கடைக்காரன் அந்தப் பெயரை எதற்குச் சொல்கிறான், வாங்குகிறவள் அதைச் சரக்கின் பெயராகவே நினைத்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயர் பரவப் பரவ வியாபாரிக்குச் சந்தோஷம். ஆனால் அளவுக்கு மீறிப் பரவினால் அந்தப் பெயர் அவருடையதாக இராது. ஆஸ்பிரின் தோற்றுப் போனதால் சொத்தை இழக்கவில்லை. ஜெயித்த ஜெயிப்பில் இழந்தது.

இவ்வளவையும் யோசித்த பிறகு மறு வாரம் அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை கடைக்காரர் கேட்பதற்கு இடம் வைக்காமல், கம்பெனியின் பெயரையும் சேர்த்துக் கம்பீரமாகச் சொன்னேன்.

அவர் அலமாரியைத் துழாவி வேறொரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“அது ஸ்டாக் இல்லை ஸார். இதுவும் அதுதான்.”