தனியார் கழகங்களும் நிறத்தடையும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒடுக்குமுறையின் வரலாற்றை எழுத முற்படுவோர் சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் தோட்டங்களையும் தொழிற்சாலைகளையுமே பெரும்பாலும் நோக்குவர். மாலைப் பொழுதில் ஆளுவோர் எங்கே கூடினர், யாரோடு அமர்ந்து மது அருந்தினர், யாரை வாயிலிலேயே நிறுத்தினர் என்பன அற்ப விடயங்களாகக் கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின் ஒரு சமூக அமைப்பு தன் உண்மை முகத்தை மறைக்காது காட்டுவது அத்தகைய ஓய்வு வேளைகளிலேயே ஆகும். அலுவலகத்தில் சுதேசி எழுதுவினைஞனுடனோ உத்தியோகத்தனுடனோ பேசியே தீரவேண்டிய வெள்ளை அதிகாரிக்கு, பேசாதிருக்கும் உரிமையை வழங்கிய இடம் கழகம்.

கல்கத்தாவில் 1827இல் பெங்கால் கிளப்பும், சென்னையில் 1832இல் மெட்ராஸ் கிளப்பும், பம்பாயில் 1833இல் பைகுல்லா கிளப்பும் தோன்றின. இலங்கையில் கொழும்புக் கிளப் 1871ஆம் ஆண்டினது. நுவரெலியாவின் ஹில் கிளப் 1876ஆம் ஆண்டினது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை வேரூன்றிய காலத்திலே, குளிர்ந்த மலைநாட்டில் தோட்டத்துரைமாரின் கூடம் எழுந்தமை தற்செயலன்று. தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன; ஒவ்வொன்றிலும் இரண்டொரு வெள்ளையரே நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை ஆண்டனர். சிதறிக் கிடந்த இச்சிறு கூட்டம் தன்னை ஒரு வர்க்கமாகவும் ஓர் இனமாகவும் உணர்வதற்கு ஒரு கூடம் வேண்டியிருந்தது. சம்பள விகிதம் பற்றிய பேச்சும் பதவிப் பரிந்துரையும் விருந்து மேசையிலே நடைபெறக் கூடியனவாதலின், கழகத்திலிருந்து விலக்கப்பட்டவன் வெறும் பொழுதுபோக்கிலிருந்து மட்டும் விலக்கப்படவில்லை. 1905 தொடக்கம் யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டியிலும் குடியியற் சேவையாளராகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், பல தசாப்தங்களின் பின் தமது சுயசரிதையிலே கண்டிக் கழகத்தை ஏகாதிபத்தியத்தின் சின்னமாகக் கண்டு எழுதினார். அங்கே அமர்ந்து சீட்டாடியவர் ஒருவரே அவ்வாறு எழுதியமை கவனத்துக்குரியது.

இக்கழகங்களை எதிர்த்தோர் யாவரும் ஒரே வழியில் எதிர்க்கவில்லை. 1932 செப்டெம்பரில் சிட்டகொங் நகரை அடுத்த பகார்தலியில் ஐரோப்பியக் கழகத்தைத் தாக்கிய புரட்சியாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இருபத்தொரு வயதினரான பிரீதிலதா வத்தேதார். பிடிபடாதிருக்க நஞ்சருந்தி அங்கேயே உயிர்நீத்தார். நாய்களுக்கும் இந்தியருக்கும் அனுமதியில்லை என்ற அறிவித்தற் பலகை அவ்வாயிலில் தொங்கியதாக மரபாகக் கூறுவர். பலகை இருந்ததோ இல்லையோ, விதி இருந்தது. மறுபுறம், கல்கத்தாவின் செல்வந்தர் வேறு வழியை நாடினர். பெங்கால் கிளப்புக்கு விருந்தினராகச் சென்ற ஓர் இந்தியக் கைத்தொழிலதிபர் அனுமதிக்கப்படாமையே, இரு இனத்தவரையும் ஏற்கும் கல்கத்தா கிளப் 1907இல் தோன்றியமைக்குக் காரணமென்பர். வைசிராய் மின்டோவின் ஆதரவும் அதற்கு இருந்தது. ஒருவர் கதவை உடைக்க முயன்றார். மற்றையோர் பக்கத்திலே இன்னொரு கதவை அமைத்துக் கொண்டனர். அப்புதிய கதவும் சந்தா கட்ட வல்லவருக்கே திறந்தது.

இவ்விரண்டாவது மனநிலையைத் துல்லியமாகத் தீட்டிய நாவல் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘பர்மிய நாட்கள்’ (1934). 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாயிருந்த அனுபவத்திலிருந்து அது பிறந்தது. ஈ. எம். ஃபோஸ்டரின் ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ (1924) கழகத்தை வெள்ளையரின் அச்சத்தினூடாகக் காட்ட, ஓர்வெலோ அதனைச் சுதேசியரின் ஆசையினூடாகவும் காட்டுகிறார். கியௌக்தாடா என்னும் சிற்றூரின் கழகத்தில் சுதேசி ஒருவரையேனும் சேர்க்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எழுகிறது. அந்த ஓர் இடத்துக்காக, பர்மிய நீதவான் ஊ போ சின் என்பவரும், தமிழ்ப் பெயரை நினைவூட்டும் பெயருடைய இந்திய வைத்தியர் வீராசாமியும் போட்டியிடுகின்றனர். வைத்தியரின் விருப்பம் விசித்திரமானது: அங்கத்துவம் கிடைத்தாலும் கழகத்துக்கு வந்து வெள்ளையருக்கு இடைஞ்சல் தரமாட்டார், சந்தா செலுத்தும் உரிமையே அவருக்குப் போதும். அதுவே எதிரியின் சூழ்ச்சியிலிருந்து அவரைக் காக்கும் கவசம். ஈற்றில் அங்கத்துவம் பெறுபவர் ஊழலே உருவான நீதவான். தன்மானத்தை இழந்து நிற்கும் வீராசாமியைக் கண்டு நாம் சிரிக்கலாம். ஆனால், கழகத்துக்கு உள்ளே இருப்பவர்களின் கையில் தன் வேலையும் பெயரும் தங்கியிருக்கும் ஒருவனின் கணக்கு அது என்பதை மறக்கலாகாது.

இலங்கையின் மத்தியதர வர்க்கம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? 1894இல் ஓரியன்ட் கிளப் தோன்றியது. ஐரோப்பியருக்கு அங்கே இடமில்லை. இதனைத் தேசிய உணர்வின் முளை எனலாம், முற்றிலும் பிழையன்று. ஆயின் அதே தசாப்தத்தில் கொழும்பின் விளையாட்டு மைதானங்களில் நிகழ்ந்ததையும் சேர்த்தே நோக்கவேண்டும். பறங்கியர் பொழுதுபோக்குக் கழகம் 1896. சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் ஒரே ஆண்டில், 1899இல். சோனகர் விளையாட்டுக் கழகம் 1908. மலாயர் கழகம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. வெள்ளையன் வரைந்த கோட்டை நாம் நம் கையாலேயே நமக்கிடையில் மீள வரைந்தோம். இவற்றில் பல பின்னாளில் ஏனையோரையும் சேர்த்துக்கொண்டன என்பது உண்மை. எனினும் பிரதிநிதித்துவம் இனவாரியாக வகுக்கப்பட்ட சட்டநிரூபண சபைக்கும் இனவாரியாக வகுக்கப்பட்ட கிரிக்கெட் மைதானத்துக்கும் உள்ள உறவு ஆராயப்படத் தக்கது. தமிழ்ச் சங்கத்தின் சஞ்சிகையில் இதனை எழுதுவதிலுள்ள சங்கடத்தை நான் அறிவேன்.

இதுவரை கூறியவை மார்க்சிய நோக்குடையோருக்குக் கடினமானவையல்ல: ஏகாதிபத்தியவாதியின் நிறவெறி, தரகு வர்க்கத்தின் போலச்செய்தல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். கடினமான பகுதி இங்கிலாந்தில், தொழிலாளர் மத்தியில் உள்ளது.

1968ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம், பொதுமக்களுக்கோ அவர்களுள் ஒரு பிரிவினருக்கோ பொருளும் வசதியும் சேவையும் வழங்குவோர் நிறபேதம் காட்டுவதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, கிழக்கு இலண்டனின் ஈஸ்ட் ஹாமில், பழைமைவாதக் கட்சியின் அங்கத்தவரான இந்தியர் ஒருவர் அக்கட்சியின் கழகமொன்றில் சேர விண்ணப்பித்தார். நிறம் கருத்திற் கொள்ளத்தக்கதே எனத் தலைவர் கூறினார். அவரது தீர்மான வாக்கினால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. அங்கத்தவரை உண்மையாகவே தெரிந்தெடுக்கும் கழகம் ‘பொதுமக்களின் ஒரு பிரிவு’ அன்று என 1973இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. பழைமைவாதிகளின் வீட்டு விடயம் என நாம் புன்னகைக்கலாம்.

அடுத்து வந்த வழக்கோ பிறெஸ்டன் நகரின் துறைமுகத் தொழிலாளர் கழகத்தைப் பற்றியது. பெயரிலேயே தொழிலாளரைத் தாங்கியது அது. பிரித்தானியத் தொழிலாளர் கழகங்களின் ஒன்றியம் 1862இல் நிறுவப்பட்டது. அதனுடன் இணைந்த ஏறத்தாழ 4000 கழகங்களுள், ஒன்றின் அங்கத்தவர் இணை அங்கத்தவராகி மற்றெதற்கும் விருந்தினராகச் செல்லலாம். இவ்வாறு இணை அங்கத்தவரான கறுப்பினத்தவர் ஒருவர், அதே நகரின் துறைமுகத் தொழிலாளர் கழகத்துக்குச் சென்றபோது, நிறத்தடை உண்டு எனக் கூறி அவருக்கு மது மறுக்கப்பட்டது. இவ்விணை அங்கத்தவர் தொகை பத்து இலட்சத்தை எட்டியிருந்தது. பத்து இலட்சம் பேர் ‘பொதுமக்களின் ஒரு பிரிவு’ இல்லையாயின் வேறு எவர்? பிரபுக்கள் சபை 1974இல் அவ்வாறு கருதவில்லை. தனிப்பட்ட ஓர் இல்லத்திலிருந்து தனிப்பட்ட இன்னோர் இல்லத்துக்குச் செல்பவன் வீதியைக் கடப்பதனால் பொதுமகன் ஆகிவிடுவதில்லை என்பதே அத்தர்க்கத்தின் சாரம்.

நீதிபதிகளைக் குறை கூறுவது எளிது. வாயிலில் நின்று மறுத்தவர் நீதிபதியல்லர். 1968 ஏப்ரலில் இனோக் பவலுக்கு ஆதரவாக வெஸ்மின்ஸ்ரரை நோக்கி ஊர்வலம் சென்ற இலண்டன் துறைமுகத் தொழிலாளரையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். இதனை வெறும் ‘போலி உணர்வு’ என்று ஒதுக்குவோர் 1870இல் மார்க்ஸ் எழுதிய கடிதமொன்றை மீளப் படித்தல் நன்று. ஆங்கிலத் தொழிலாளி ஐரிஷ் தொழிலாளியைத் தன் வாழ்க்கைத் தரத்தைத் தாழ்த்தும் போட்டியாளனாக வெறுக்கிறான். அவன் முன்னிலையில் தன்னை ஆளும் தேசத்தின் அங்கமாக உணர்கிறான். அதனாலேயே தன் நாட்டு முதலாளிக்குக் கருவியாகிறான் என்று மார்க்ஸ் அதில் விளக்கினார். அவ்வுணர்வைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவதற்கு அதற்கென ஓர் இருப்பிடம் வேண்டும். பகலெல்லாம் கட்டளைக்குக் கீழ்ப்பட்ட தொழிலாளி, மாலையில் பிறிதொருவனுக்குக் கட்டளையிடக்கூடிய ஒரே வாயில் அவனது கழகத்தின் வாயிலாயிருந்தது. இதனை ஒப்புக்கொள்ளாத வர்க்க ஆய்வு பாதி ஆய்வே.

1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் இவ்விரு தீர்ப்புகளையும் செயலற்றவையாக்கியது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட அங்கத்தவருடைய கழகங்கள் இனபேதம் காட்டலாகாது என விதித்தது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அதனைத் தொடர்ந்து பேணுகிறது. குறிப்பிட்டதோர் இனக்குழுவின் நன்மைக்கான கழகங்களுக்கு இரு சட்டங்களும் விலக்களித்தன. ஆனால் தோலின் நிறத்தை அளவுகோலாக்க அவற்றுக்கும் உரிமையில்லை. தஞ்சமடைந்தோர் தம் மொழியைக் காக்கக் கூடும் இடத்தையும், ஆள்வோர் பிறரை வெளியே நிறுத்தக் கட்டிய கூடத்தையும் ஒரே பெயரால் அழைக்கலாகாது என்ற உணர்வு அதில் உண்டு.

அட்லாண்டிக்குக்கு அப்பால் கதை வேறு. 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியியல் உரிமைச் சட்டம் தனியார் கழகங்களுக்கு வெளிப்படையாகவே விலக்களித்தது. பென்சில்வேனிய சட்டசபை உறுப்பினரான லெரோய் ஏர்விஸ் விருந்தினராகச் சென்ற கழகத்தில் அவருக்கு உணவும் பானமும் மறுக்கப்பட்டன. மதுவிற்பனை அனுமதிப்பத்திரம் அரசு வழங்கியதேயாயினும், அதனால் அக்கழகத்தின் பாகுபாடு அரசின் செயலாகிவிடாது என உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது.

‘இது எங்கள் தனிப்பட்ட இடம்’ என்ற வாதம் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணியும் போத்தலும் வைக்கப்பட்டிருந்த காலத்தில் கடை முதலாளிமாரும் ஏறத்தாழ இதனையே கூறினர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஆனால் அச்சட்டம் கடையின் வாங்கில் வரை சென்றடைய, 1966 ஒக்ரோபர் எழுச்சியும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ அதன் இலக்கிய சாட்சியம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்தைத் தடுக்க முன்னின்றவர் ஒக்ஸ்போர்ட்டில் பயின்றவர். கணிதப் பேராசிரியராயும் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் அமைச்சராயும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். அவருடைய இளமைக்காலத்து இலங்கையிலே, அப்பட்டங்களும் பதவிகளும் அத்தனையும் இருந்தாலும், வெள்ளையரின் எந்தக் கழகமும் அவரை அங்கத்தவராக ஏற்றிருக்காது.